குழந்தைகளின் கட்டிப் படங்களுக்கு ஒரு பொதுத் தொகுப்பு: இளம் கதிரியல் மருத்துவருக்குப் பதில்

கேள்வி: நான் குழந்தைகள் கதிரியலில் பயிற்சி பெற்றுவரும் மருத்துவர். வெவ்வேறு மருத்துவமனைகளில் பணியாற்றும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, எங்களிடம் சிதறிக் கிடக்கும் குழந்தைகளின் கட்டி நோய்ப் படங்களை, முதுநிலை மாணவர்கள் எல்லோரும் பார்த்துப் பயிலும்படி இணையத்தில் ஒரே இடத்தில் தொகுக்க விரும்புகிறோம். இப்போது அவை கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கின்றன. நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் போதுமா? எத்தனை நேர்வுகள் (கேஸ்கள்) சேர்ந்தபின் வெளியிடலாம்? எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது? யார் சரிபார்ப்பது? எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள மருத்துவருக்கு,

உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வசதி மிக்க நாடுகளில் இவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். மற்ற நாடுகள் பலவற்றில் இந்த அளவு மிகவும் குறைவு. அதற்கான காரணங்களில் காலம் கடந்து நோயைக் கண்டறிவதும் தவறாகக் கண்டறிவதும் அடங்கும். மொத்தத்தில் இத்தனை குழந்தைகள் என்றாலும், கட்டியின் வகை ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் அது அரிதானதே. பொது மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் கதிரியல் மருத்துவர் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் கட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடக்கூடும். ஒருவர் தம் பணிக்காலத்தில் காண முடியாததை பலருடைய அனுபவத்திலிருந்து காட்டுவதற்குத்தான் இத்தகைய தொகுப்பு தேவைப்படுகிறது. ஆகவே உங்கள் நோக்கம் சரியானது.

நீங்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை படங்களைச் சேர்ப்பதையும் சேமிப்பதையும் பற்றியவை. அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன், கேட்கப்படாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கற்பிப்பதற்கான தொகுப்பில் ஒவ்வொரு நேர்வும் அந்தக் குழந்தையை முதன்முதலில் பார்த்த மருத்துவர் நின்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அவருக்கு அன்று என்ன தெரிந்திருந்ததோ அது மட்டுமே மாணவருக்கும் முதலில் தெரிய வேண்டும். அவருக்குப் படங்கள் எந்த வரிசையில் கிடைத்தனவோ அதே வரிசையில்தான் மாணவருக்கும் கிடைக்க வேண்டும். விடை தெரிந்தபின் தேர்ந்தெடுத்த அழகான ஒற்றைப் படத்தின் கீழே நோயின் பெயரை எழுதிவைத்தால், அது படம் போட்ட பாடநூலின் ஒரு பக்கமாக இருக்கும். அத்தகைய பாடநூல்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. தீர்ப்பு சொல்லும் பயிற்சிதான் எங்கும் போதுமான அளவு கிடைப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பதினான்கு மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றின் இடப்பக்கம் கட்டி இருப்பதைக் குளிப்பாட்டும்போது தாய் கவனித்ததாக வைத்துக்கொள்வோம். இத்தகைய நேர்வைப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும், “நடுக்கோட்டைத் தாண்டிய, கால்சியம் படிந்த, பெருந்தமனியைச் சூழ்ந்த வயிற்றுக் கட்டியுடன் வந்த குழந்தை” என்று தொடங்குவார்கள். அந்த ஒரு வரியிலேயே பாடம் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் நியூரோபிளாஸ்டோமா (நரம்புத் திசுவிலிருந்து தோன்றும் கட்டி) என்ற விடையை அது கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டது. மாறாக, முதல் பக்கத்தில் குழந்தையின் வயது, தாய் கவனித்தது, இரத்த அழுத்தம், இவ்வளவு மட்டும் இருக்கட்டும். அதன்பின் அல்ட்ராசவுண்ட் படங்கள் வரட்டும். அவற்றில் சிறுநீரகத்தின் நீளவாட்டுப் படம் கட்டாயம் இருக்கட்டும். கட்டி சிறுநீரகத்திலிருந்து கிளம்புகிறதா, அல்லது வெளியே இருந்துகொண்டு அதைக் கீழே தள்ளுகிறதா என்ற கேள்வியை அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். மாணவர் பதில் அளித்தபின்தான் குறுக்குவெட்டுப் படங்கள் திறக்க வேண்டும். பெருந்தமனி முதுகெலும்பிலிருந்து முன்னோக்கித் தூக்கப்பட்டிருப்பதையும், இரத்தக் குழாய்கள் தள்ளப்படாமல் கட்டியினுள் சிக்கியிருப்பதையும், சிறுநீரகத் திசு நகம்போல் கட்டியைப் பற்றியிருக்கும் அடையாளம் இல்லாததையும் அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும். முதுகெலும்பின் துளைகள் வழியாகக் கட்டி தண்டுவடக் கால்வாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதைத் தானாகவே பார்க்கத் தோன்றியதா என்பது அடுத்த சோதனை. சிறுநீரில் கேட்டகோலமின் (இந்தக் கட்டி சுரக்கும் ஹார்மோன் வகை) வளர்சிதைப் பொருள்கள், கட்டியில் சேரும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன், எலும்பு மஜ்ஜை முடிவு ஆகியவை அதற்கும் பிறகு வர வேண்டியவை.

விடை கசியும் வழிகள் பல. படக் கோப்பின் பெயர் “வில்ம்ஸ்_03” என்று (வில்ம்ஸ் என்பது ஒரு சிறுநீரகக் கட்டியின் பெயர்) இருந்தாலோ, பக்கத்தின் இணைய முகவரியிலேயே நோயின் பெயர் இருந்தாலோ, சுட்டியைப் படத்தின்மேல் வைத்தவுடன் விளக்கம் தோன்றினாலோ, நீங்கள் செய்த ஏற்பாடு அனைத்தும் வீணாகும். ஆகவே கோப்புகளுக்கு வெறும் எண்களையே பெயராக வையுங்கள். நோயின் பெயரைக் கொண்டு தேடும் வசதி ஆசிரியர்களுக்குத் தேவை. ஆனால் மாணவர்கள் நுழையும் வாயில், “ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றுக் கட்டி”, “மூளையின் பின்குழியில் கட்டி”, “நெஞ்சின் நடுப்பகுதியில் நிழல்” என்று பிரச்சினையின் பெயராலேயே அமைய வேண்டும். மருத்துவரின் மேசைக்கு வருவது பிரச்சினைதான். நோயின் பெயர் பிறகே வருகிறது.

இதையொட்டி இன்னொரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். கட்டிகள் மட்டுமே உள்ள தொகுப்பு, எதைப் பார்த்தாலும் கட்டி என்று சொல்லும் மருத்துவர்களையே உருவாக்கும். தொகுப்பைத் திறக்கும் மாணவருக்கு உள்ளே இருப்பது கட்டிதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், கட்டியா இல்லையா என்ற முதல் கேள்வியே அவருக்கு எழாமல் போய்விடும். நடைமுறையில் மிகவும் கடினமான கேள்வி அதுதான். கைக்குழந்தையின் இயல்பான தைமஸ் சுரப்பி எக்ஸ்ரேயில் நெஞ்சகக் கட்டிபோல் தோன்றி, தேவையற்ற சி.டி.க்கும் சில வேளைகளில் பயாப்சிக்கும்கூட வழிவகுப்பது உண்டு. ஆனால் அது மூச்சுக்குழாயையோ இரத்தக் குழாய்களையோ அழுத்தாது. அல்ட்ராசவுண்டில் அதற்கே உரிய சிறு வெண்புள்ளிகள் தெரியும். பிறந்த குழந்தையின் அட்ரீனல் சுரப்பியில் ஏற்படும் இரத்தக் கசிவு நியூரோபிளாஸ்டோமாவைப்போல் தோன்றும். சில வாரங்கள் கழித்து மீண்டும் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் அது சுருங்கியிருக்கும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படும் உருண்டை வடிவ நிமோனியா நுரையீரல் கட்டியென மிரட்டும். எலும்பில் ஏற்படும் கிருமித்தொற்றும் ஈவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அனுபவமிக்கவர்களும் தடுமாறுகிறார்கள். கட்டிகளைப் போலத் தோன்றும் இத்தகைய நேர்வுகளுக்கும், வயதுக்கேற்ற இயல்பான தோற்றங்களுக்கும் உங்கள் தொகுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுங்கள் என்பது என் பரிந்துரை. அவற்றைத் தனிப் பிரிவாக ஒதுக்கிவைக்காமல், கட்டிகளோடு கலந்தே வையுங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகள் கதிரியலில் வயதே பாதி விடை. வாழ்வின் முதல் மூன்று மாதங்களில் சிறுநீரகத்தில் காணப்படும் திடக்கட்டி பெரும்பாலும் மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமாவாக இருக்கும். மூன்று நான்கு வயதில் அதே இடத்தில் இருப்பது பெரும்பாலும் வில்ம்ஸ் கட்டி. சில கட்டிகளில் இரத்தத்தில் உயரும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் அளவு பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே மிக உயர்ந்திருந்து, முதல் ஆண்டின்போது படிப்படியாகக் குறைவதால், வயதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் மாணவர் தவறான வழியில் போவார். ஆகவே இரண்டு வயதுவரை வயதை மாதங்களிலும், பிறந்த முதல் மாதத்தில் வாரங்களிலும் குறிப்பிடுங்கள். பிறந்த தேதி எந்த இடத்திலும் வரவே கூடாது.

அடுத்தது, விடை சரியென்று நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி. ஒவ்வொரு நேர்விலும், நோய் எதன் அடிப்படையில் உறுதி செய்யப்பட்டது என்பதைத் தனிக் கட்டமாக வைத்து, அதை நிரப்பாமல் நேர்வை வெளியிட முடியாதபடி செய்துவிடுங்கள். பயாப்சியா, அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியின் முழுமையான திசு ஆய்வா, இரத்தம் மற்றும் சிறுநீரில் உள்ள குறியீட்டுப் பொருள்களா, தொடர்ந்து கண்காணித்ததில் கிடைத்த முடிவா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். திசு ஆய்வு இல்லாத நேர்வுகளை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் என்ற மரபணு நோய் உள்ள குழந்தையின் பார்வை நரம்புக் கட்டியைப் பெரும்பாலும் பயாப்சி இன்றியே கண்டறிந்து சிகிச்சை அளிக்கிறார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைக் கட்டியில் கண்ணுக்குள் ஊசி செலுத்துவது கட்டியைப் பரப்பிவிடும் என்பதால் பயாப்சி தவிர்க்கப்படுகிறது. இவையெல்லாம் மாணவர் அறிய வேண்டியவையே. எந்த ஆதாரத்தின் பேரில் சொல்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வதே நமக்கு வேண்டியது.

சிகிச்சை மரபும் இங்கே குறுக்கிடுகிறது. வில்ம்ஸ் கட்டிக்கு ஐரோப்பாவில் தோன்றிய மரபில், படங்களின் அடிப்படையில் முதலில் கீமோதெரபி கொடுத்துப் பின்னர் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். வட அமெரிக்க மரபில், இயன்றபோதெல்லாம் முதலிலேயே சிறுநீரகத்தை அகற்றுகிறார்கள். முதல் மரபைப் பின்பற்றும் மருத்துவமனையின் திசு ஆய்வு அறிக்கை, மருந்தால் ஏற்கெனவே மாறிவிட்ட கட்டியைப் பற்றியது. அதை, சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்துக்கு அருகில் எந்தக் குறிப்பும் இன்றி வைத்தால், படத்தில் தெரிவதும் அறிக்கையில் எழுதியிருப்பதும் பொருந்தாமல் மாணவர் குழம்புவார். நீங்கள் வெவ்வேறு மருத்துவமனைகளிலிருந்து நேர்வுகளைப் பெறுவதால் இரண்டு மரபுகளும் கலந்தே வரக்கூடும். ஒவ்வொரு படமும் சிகிச்சைக்கு முன்பா பின்பா என்ற விவரம் தவறாமல் இடம்பெறட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி: பெயரை நீக்கினால் போதுமா? போதாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவப் படங்களைச் சேமிக்கும் பொது வடிவமான டைகாம் கோப்பு ஒவ்வொன்றிலும் படத்தோடு ஒரு நீண்ட தகவல் தலைப்பும் இருக்கிறது. நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த தேதி, மருத்துவமனையின் பெயர், பரிசோதனை நாள், பரிந்துரைத்த மருத்துவரின் பெயர் என்று வெளிப்படையாகத் தெரிபவற்றோடு, கருவி தயாரித்த நிறுவனங்கள் தத்தம் வசதிக்காகச் சேர்க்கும் தனிப்பட்ட புலங்களும் அதில் உண்டு; அவற்றுள் என்ன இருக்கிறது என்பது பயன்படுத்துவோர் பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கருவி தரும் நீண்ட அடையாள எண்ணில்கூடச் சில வேளைகளில் நாளும் நேரமும் பொதிந்திருக்கும். டைகாம் தரநிலையின் 15ஆம் பகுதி, எந்தெந்தப் புலங்களை நீக்க வேண்டும், எவற்றை மாற்ற வேண்டும் என்று பட்டியலிட்டுத் தருகிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளைக் கொண்டே அடையாள நீக்கம் செய்யுங்கள், கையால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். நாள்களை முற்றிலும் அழிக்காமல், ஒரு குழந்தையின் எல்லாப் பரிசோதனைகளின் நாள்களையும் ஒரே அளவு முன்னோ பின்னோ நகர்த்தினால், இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே எத்தனை வாரங்கள் என்ற விவரம் காப்பாற்றப்படும். கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது, மருந்துக்கு எப்படிச் சுருங்கியது என்பதைக் கற்பிக்க அது வேண்டும்.

தகவல் தலைப்பைச் சுத்தம் செய்தாலும் படத்தின்மேலேயே எழுதப்பட்டிருப்பவை அப்படியே இருக்கும். அல்ட்ராசவுண்ட் படங்களில் மேல் ஓரத்தில் பெயரும் எண்ணும் படத்தின் ஒரு பகுதியாகவே பதிந்திருக்கின்றன. ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய எக்ஸ்ரே பிலிம்களின் மூலையிலும் அப்படியே. சி.டி. பரிசோதனையின் இறுதியில் வரும் கதிர்வீச்சு அளவு அறிக்கைப் பக்கமும் ஒரு படமாகவே சேமிக்கப்படுவதால், அதிலுள்ள பெயரை எவரும் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு மிக அதிகம். வாட்ஸ்அப் குழுவில் உள்ள படங்கள் பெரும்பாலும் கணினித் திரையைக் கைபேசியால் எடுத்த ஒளிப்படங்களாகவே இருக்கும். அவற்றின் ஓரத்தில் வேறு நோயாளிகளின் பட்டியல்கூடத் தெரியக்கூடும். அந்தப் படங்களை முழுமையாகக் கைவிட்டு, மருத்துவமனையின் சேமிப்பகத்திலிருந்து மூலப் படங்களை முறைப்படி பெறுவதே நல்லது. எந்த மென்பொருளைக் கொண்டு சுத்தம் செய்தாலும், வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

தலை ஸ்கேன்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி.யிலிருந்தோ எம்.ஆர்.ஐ.யிலிருந்தோ முகத்தின் முப்பரிமாண வடிவத்தை எவரும் எளிதாக உருவாக்கிவிட முடியும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே முன்வந்த 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களை உருவாக்கி, முகம் அறியும் மென்பொருளிடம் அவர்களுடைய ஒளிப்படங்களோடு ஒப்பிடச் செய்தபோது, 70 பேரை அது சரியாக அடையாளம் கண்டது. மூளைக் கட்டிகளுக்கு முகப் பகுதியை நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமாவிலும், கண்குழியில் தோன்றும் ராப்டோமையோசார்கோமா என்ற தசைப் புற்றுநோயிலும் முகப் பகுதியிலேயே நோய் இருப்பதால் அந்த வழி உதவாது. அங்கே முழுத் தொகுதியையும் கொடுக்காமல், தேவையான சில தடித்த அடுக்குகளை மட்டும் நோயுள்ள பகுதியளவில் வெட்டிக் கொடுங்கள். குழந்தையின் வெண்மையான கண்மணியைக் காட்டும் ஒளிப்படம் கற்பிப்பதற்கு மிகவும் பயன்படும். ஆனால் அந்தக் கண்ணை மட்டுமே காட்டுங்கள். முழு முகத்தைப் போட்டுக் கண்களின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டும் பழைய வழக்கம் எவரையும் மறைப்பதில்லை.

இவை அனைத்தையும் செய்தபிறகும் ஒரு குழந்தையை அடையாளம் காண முடியலாம், ஏனென்றால் அரிய நோயே ஓர் அடையாளம். சிகிச்சைக்காக நிதி திரட்டும் வேண்டுகோளில் குழந்தையின் பெயர், வயது, நோய், படம் எல்லாம் பெற்றோராலேயே பொதுவெளியில் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் பக்கத்தில் ஊர், ஆண்டு, வயது, அரிய கட்டியின் பெயர் ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால், இரண்டையும் இணைக்க ஒரு தேடல் போதும். ஆகவே ஊரையும் ஆண்டையும் விட்டுவிடுங்கள். பங்களித்த மருத்துவரின் பெயரையும் நேர்வின் பக்கத்தில் போடாமல், பொதுவான பங்களிப்பாளர் பட்டியலில் போடுங்கள். உழைப்புக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவரின் பெயரிலிருந்து மருத்துவமனையும், அதிலிருந்து குழந்தையும் தெரிந்துவிடும் வழியை அடைத்தாக வேண்டும்.

பெற்றோரின் ஒப்புதலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. முழுமையாக அடையாளம் நீக்கிய படங்களுக்கு ஒப்புதல் தேவையா என்பது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். உங்கள் நிறுவனங்களின் நெறிமுறைக் குழுக்களே அதைத் தீர்மானிக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், இனி வரும் நேர்வுகளுக்கு ஒப்புதல் பெறுவதையே நான் பரிந்துரைப்பேன். நோயின் பெயரைச் சொன்ன அதே நாளில் படிவத்தை நீட்டாதீர்கள். அந்த மனநிலையில் பெறும் கையொப்பத்துக்குப் பொருள் இல்லை. சிகிச்சை ஓரளவு சீரான பிறகு, படங்கள் இணையத்தில் இருக்கும், மருத்துவர்கள் பார்ப்பார்கள், மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்று எளிய மொழியில் சொல்லிக் கேளுங்கள். புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையாக இருந்தால் அதனிடமும் கேட்க வேண்டும். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் படத்தை எடுத்துவிடும்படி ஒரு நாள் கேட்கலாம். அப்போது எந்த நேர்வு அவருடையது என்று கண்டுபிடிப்பதற்கான இணைப்புப் பட்டியல், அந்தந்த மருத்துவமனைக்குள்ளேயே, தொகுப்போடு தொடர்பில்லாத பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை இணையத்தில் போன படத்தை எல்லா இடங்களிலிருந்தும் திரும்பப் பெற முடியாது என்பதையும் ஒப்புதல் கேட்கும்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் தேவையானவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் கற்பித்தல் கோப்புகளுக்கென்றே மிர்க் என்ற மென்பொருளையும், அதனோடு அடையாள நீக்கக் கருவியையும் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தந்திருக்கிறது. படங்களைச் சேமிக்க ஆர்த்தாங்க் என்ற திறமூல சர்வரும், பிரவுசரிலேயே அடுக்குகளைப் புரட்டிப் பார்க்க ஓ.எச்.ஐ.எஃப். என்ற பார்வைக் கருவியும் உள்ளன. சொந்தமாகச் சர்வர் நடத்த ஆள் இல்லையென்றால், 2005இல் தொடங்கப்பட்ட ரேடியோபீடியாவில் நேர்வுகளை ஏற்றி, அவற்றைத் தொடுத்துப் பாடத் தொகுதியாக அமைத்துக்கொள்ளலாம்; ஆனால் அங்கே வைப்பவை அதன் உரிம விதிகளுக்கு உட்பட்டவை என்பதை எல்லோரும் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 2011இல் தொடங்கப்பட்ட புற்றுநோய்ப் படக் காப்பகமான டி.சி.ஐ.ஏ. ஆய்வாளர்களுக்கானது, கற்பித்தலுக்கு அதன் அமைப்பு பொருந்தாது என்றாலும், அடையாள நீக்கத்தை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள்.

படத்தின் அளவைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஒரு சி.டி. அடுக்கு சுமார் அரை மெகாபைட். 300 அடுக்குகள் கொண்ட பரிசோதனை 150 மெகாபைட். கைபேசி இணைப்பில் பயிலும் மாணவர் இதைத் திறக்கக் காத்திருந்து சலித்துப்போவார். மூன்று மில்லிமீட்டரோ ஐந்து மில்லிமீட்டரோ தடிப்புள்ள அடுக்குகளாக மாற்றி, தேவையான பகுதியை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அதே வேளை, ஒற்றைப் படமாகச் சுருக்கிவிடாதீர்கள். அடுக்குகளைப் புரட்டி நோயைத் தேடுவதே பயிற்சியின் பெரும்பகுதி.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. குழந்தைகளுக்கான கதிர்வீச்சு அளவைக் குறைக்க வேண்டும் என்ற இமேஜ் ஜென்ட்லி இயக்கம் 2008இல் தொடங்கியது. பழைய சேமிப்பகங்களில், பெரியவர்களுக்குரிய அளவில், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதற்கு முன்னும் பின்னும் தாமதமாகவும் என்று பலமுறை எடுத்த சி.டி.க்கள் நிறைய இருக்கும். அவை பார்ப்பதற்கு மிகத் தெளிவாக இருப்பதால் தேர்ந்தெடுக்கத் தோன்றும். எதையும் சொல்லாமல் அவற்றை வைத்தால், அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று மாணவர் கற்றுக்கொள்வார். இன்று இந்தப் பரிசோதனை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று அந்த நேர்விலேயே ஒரு வரி எழுதுங்கள்.

எத்தனை நேர்வுகள் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றுக் கட்டி என்ற ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து நேர்வுகளை முழுமையாகச் செய்து முடியுங்கள். அரைகுறையான இருநூறைவிட அவை பயன்படும்.

சரிபார்ப்பதற்கு ஒவ்வொரு நேர்வுக்கும் இரண்டு பேர் தேவை. ஒருவர், அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையைச் சேராத குழந்தைகள் கதிரியல் மருத்துவர். அவர் விடையைப் பார்க்காமல் நேர்வை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மாணவரைப்போல் செய்து பார்க்க வேண்டும். தரப்பட்ட படங்களை வைத்து அவரால் நியாயமான முடிவுக்கு வர முடியவில்லையென்றால், மாணவராலும் முடியாது. இன்னொருவர் திசு நோயியல் மருத்துவர். நோய்களின் பெயர்களும் வகைப்பாடுகளும் மாறிக்கொண்டே இருப்பதால் அவர் துணை தவிர்க்க முடியாதது. மூளைத்தண்டில் பரவும் குழந்தைகளின் கட்டியில் மரபணு மாற்றம் உறுதியானதற்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வகைப்பாடு ஒரு பெயரையும், 2021ஆம் ஆண்டு வகைப்பாடு சற்று மாறிய பெயரையும் தருகின்றன. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டி இன்று மூலக்கூறு அடிப்படையில் பிரித்துப் பேசப்படுகிறது. பழைய அறிக்கையில் இருக்கும் பெயரை அழிக்காமல், இன்றைய பெயரையும், எந்த ஆண்டின் வகைப்பாட்டின்படி என்ற விவரத்தையும் அருகில் எழுதுங்கள். தொகுப்பு முழுவதற்கும் பொதுவான பிரிவுகளுக்கு, 12 பெரும் பிரிவுகளைக் கொண்ட குழந்தைப் புற்றுநோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்றுவது நல்லது. நேர்வு கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி பக்கத்தில் தெரியட்டும்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை யார் மீண்டும் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பொறுப்பாளர் வேறு ஊருக்கு மாறிப்போனவுடன் பராமரிப்பின்றி நின்றுபோன நல்ல தொகுப்புகளை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆகவே தனிமனிதரின் பெயரில் இணைய முகவரியையும் கணக்கையும் பதிவு செய்யாமல், ஒரு நிறுவனத்தின் அல்லது சங்கத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள்.

மாணவர்கள் தரும் தவறான விடைகளையும், பெயர் குறிப்பிடாமல், சேமித்து வையுங்கள். ஒரு நேர்வில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்தால், ஒன்று நம் கேள்வி சரியில்லை, அல்லது அங்கேதான் கற்பிக்க வேண்டியது இருக்கிறது. எது என்று பார்த்து, விளக்கத்தைத் திருத்தி எழுதலாம். “இந்த இடத்தில் பலர் வில்ம்ஸ் கட்டி என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் சிறுநீரகத்தின் மேல்முனை இந்த அடுக்கில் தெரியவில்லை, இரண்டு அடுக்குகள் கீழே பாருங்கள்” என்று எழுத முடிந்தால், அது எந்தப் பாடநூலும் தராத விளக்கமாக இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் புதிய படங்கள் போடுவதை இன்றே நிறுத்தும்படி நண்பர்களிடம் சொல்லுங்கள். பிறகு மூன்று நேர்வுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்: ஒரு நியூரோபிளாஸ்டோமா, ஒரு வில்ம்ஸ் கட்டி, அட்ரீனல் இரத்தக் கசிவு ஒன்று. மருத்துவமனையின் அனுமதியோடு, மருத்துவமனையின் கணினியிலேயே, வெளியே எதையும் அனுப்பாமல், அவற்றை மேலே சொன்ன முறையில் முழுமையாக உருவாக்குங்கள். நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கும்போது அந்த மூன்றையும் திரையில் காட்டுங்கள். எவை நீக்கப்பட்டிருக்கின்றன, நீக்கக் கேட்டால் எப்படி நீக்குவீர்கள் என்பதை எல்லாம் அவர்கள் நேரில் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். மூன்று மருத்துவமனைகள் என்றால் மூன்று குழுக்களின் அனுமதியும் தேவைப்படும். விண்ணப்ப வாசகம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் கேட்கும் திருத்தங்களால் மாதக்கணக்கில் தாமதமாகும். அனுமதி கிடைத்தபின் அந்த மூன்று நேர்வுகளையும் எனக்கு அனுப்பினால், விடையைப் பாராமல் செய்து பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.